பங்குக் கணக்கும் பத்தாம் வகுப்பும்

6,399-க்கு அடுத்த எண் எது?

இங்கிலாந்தில் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த காக்ரோஃப்ட் குழு 1982-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சின்னக் கேள்வி வருகிறது. பதினொரு வயதில் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை இதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிடும். ஏழு வயதிலேயே சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு, பதினான்கு வயதாகியும் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. ஆக, ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே ஏழு ஆண்டு இடைவெளி இருக்கலாம் என்றது அந்தக் குழு.

நம் ஊர் கணக்கு ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல இங்கிலாந்து தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவை நடந்துகொண்டிருக்கும். முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை அடுத்த பயிற்சியையும் முடித்துவிட்டு நோட்டின் ஓரத்தில் பூப்போட்டுக்கொண்டிருக்கும். கடைசி பெஞ்சில் இன்னொரு பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பதே இன்னும் வசப்பட்டிருக்காது. ஆனால் கரும்பலகையில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் அழகாகப் பார்த்து எழுதியிருக்கும். இருவருக்கும் நடுவே இருபது, முப்பது பேர். மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம். யாருக்காகப் பாடம் நடத்துவது?

புதுச்சேரியின் அரசுப் பள்ளிகளில் இந்தக் கேள்விக்கு அவசரமாக விடை தேட வேண்டிய காலம் இது. நகரத்தின் வடக்குக் கரையில் இருக்கும் வைத்திக்குப்பத்தை வைத்துக்கொண்டே அதைப் பார்க்கலாம்.

கடற்கரைச் சாலையின் வடமுனையைத் தாண்டினால் குருசுக்குப்பம், அதையொட்டி வைத்திக்குப்பம், அப்புறம் சோலை நகர். மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கரை என்றால் புதுச்சேரியில் யாருக்கும் தெரியும். மற்ற நாட்களில் அது மீனவர் ஊர். கடல் மணலை அரித்துக்கொண்டு போனதால் கருங்கல் கொட்டிய கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாத வருமானக் குறைவை மனத்தில் வைத்துத்தான் பல வீடுகளில் பள்ளிச் செலவே திட்டமிடப்படும்.

புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அதற்கு முந்தைய ஆண்டு எட்டாம் வகுப்பில் சமச்சீர்ப் புத்தகம் படித்த பிள்ளைகள், ஒன்பதில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் பிரித்து, 2025-ல் பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வை எழுதினார்கள். புத்தகம் மாறியது, தேர்வுத்தாளின் அமைப்பு மாறியது, தமிழ்வழியில் படித்துவந்தவர்களுக்குக் கணக்கின் மொழியும் மாறியது. முன்பே இருந்த இடைவெளி இதில் இன்னும் அகலமானது.

வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத இன்னொன்றும் மாறியது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண், ஆக 16. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை மாலை வகுப்பில் உட்காரவைத்து, காம்பஸும் ஸ்கேலும் கொடுத்து, இந்தப் பதினாறையும் கைப்பழக்கமாக ஆக்கிவிடுவது பல ஆசிரியர்களின் வழி. "கிராஃபும் ஜியோமெட்ரியும் போட்டுட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி" என்பது ஆசிரியர் அறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. சி.பி.எஸ்.இ. தாளில் அந்தப் பதினாறு இல்லை. 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 மதிப்பெண் அக மதிப்பீடு. பலருக்குக் கைகொடுத்த ஏணி ஓராண்டில் போய்விட்டது.

அந்த ஏணியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எத்தனையோ பிள்ளைகளைப் பதினொன்றாம் வகுப்பு வாசலில் கொண்டுபோய் விட்டது. ஆனால் ஏறியவர்களுக்கு வாசலுக்கு அப்பால் கணக்கு இல்லை. ஒன்பதிலும் பத்திலும் அந்தப் பிள்ளைகளிடம் எதுவும் கேட்கப்படவில்லை. கேட்டால் வராது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது.

இரண்டு தாள்கள்

சி.பி.எஸ்.இ. இந்த இடைவெளிக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்குக்கு இரண்டு தாள்கள்: ஸ்டாண்டர்டு, பேசிக். பாடத்திட்டம் ஒன்று, புத்தகம் ஒன்று, வகுப்பறை ஒன்று, அக மதிப்பீடும் ஒன்றே. ஆண்டு இறுதித் தேர்வின் கேள்விகள்தான் வேறு. பேசிக் தாள் எளிது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் கணக்கில் தொடங்கி எல்லாப் பாடங்களையும் இரண்டு நிலைகளில் வைக்கலாம் என்கிறது.

நோக்கத்தில் பிழையில்லை. மேற்கொண்டு கணக்குப் படிக்கப் போகாத பிள்ளையை ஒரு தாளால் தோற்கடிக்க வேண்டாம் என்பதுதான் அது. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. விதிப்படி, பேசிக் எழுதியவர் பதினொன்றில் வழக்கமான கணிதப் பாடத்தை எடுக்க முடியாது. பயன்பாட்டுக் கணிதம் எடுக்கலாம். பின்னாளில் வாரியம் தளர்வு தந்தது. பிள்ளைக்குத் திறன் இருப்பதாகப் பள்ளித் தலைவருக்குத் திருப்தி இருந்தால் சேர்க்கலாம் என்றது. ஆனால் அந்தத் தளர்வு இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பொறியியல் படிக்க வேண்டும் என்று பதினாறு வயதில் ஆசை வருகிற ஒரு பிள்ளைக்கு, பதினான்கரை வயதில் யாரோ ஒரு கட்டத்தில் போட்ட டிக் குறுக்கே நிற்கும்.

அந்த டிக்கை யார் போடுகிறார்கள் என்பதே என் கவலை. படித்த வீட்டில் அப்பா, அம்மா, டியூஷன் ஆசிரியர் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போய்விடும் அப்பாவும் மீன்கூடையோடு சந்தைக்குப் போய்விடும் அம்மாவும் இருக்கும் வீட்டில், பள்ளி சொன்னதே முடிவு. பள்ளிக்கோ தேர்ச்சி விகிதம் இருக்கிறது. பின்தங்கிய பிள்ளையைப் பேசிக்கில் போடுவது பள்ளிக்குப் பாதுகாப்பு. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆனாலும் கணக்கை மூடிவிடும் முடிவு எந்தத் தெருப் பிள்ளைகளின் தலையில் அதிகம் விழும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

ஒரு படகு, நான்கு பேர்

இனி வகுப்பறைக்குள் போவோம். பலதரப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கணக்கு நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு கணக்கையே எடுத்துப் பார்க்கலாம்.

ஒரு ஃபைபர் படகு கரைக்கு வருகிறது. மீன் ஏலத்தில் 18,600 ரூபாய்க்குப் போகிறது. டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் செலவு 4,200. மீதியில் பாதி படகு, வலை, இன்ஜினுக்கு. மறுபாதி கடலுக்குப் போன நான்கு பேருக்கும் சமமாக. ஊருக்கு ஊர், வலைக்கு வலை பங்கு முறை மாறும். இது வகுப்புக்காக வைத்துக்கொண்ட கணக்கு.

ஒரு ஆளின் பங்கு எவ்வளவு? 14,400-ல் பாதி 7,200, அதில் நாலில் ஒன்று 1,800. கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், வகுப்பில் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்துப் பிள்ளைகளில் சிலர் பேனாவைத் தொடாமலே சொல்லிவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

படகுக்காரரே நான்கு பேரில் ஒருவராகக் கடலுக்குப் போயிருந்தால் அவர் கையில் வருவது எவ்வளவு? 9,000. செலவு போன மீதியில் அது எத்தனை சதவீதம்? 62.5. இங்கே சிலர் நிதானிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவார்கள்.

இப்போது விலை நாளுக்கு நாள் மாறுகிறது. ஏலத் தொகையை 'வி' என்றும், ஆள் பங்கை 'ப' என்றும் வைத்துக்கொண்டால், ப என்பது வி-யிலிருந்து 4,200-ஐக் கழித்து 8-ஆல் வகுத்தது. வரைபடத்தாளில் போட்டால் ஒரு நேர்கோடு. அது கிடைக்கோட்டை 4,200-ல் வெட்டுகிறது. அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்று கேட்டால், அன்று செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போனது என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். அதற்கு இடப்புறம் கோடு கீழே இறங்குகிறதே, அது என்ன? கடன். குறை எண் என்றால் என்ன என்று ஏழாம் வகுப்பில் புரியாமல் போன பிள்ளைக்கு இந்த இடத்தில் புரிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. சாய்வு ஏன் எட்டில் ஒன்று என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டது.

இன்னொரு ஊரில் வேறு முறை என்று வைப்போம். படகுக்கு இரண்டு பங்கு, போன ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பங்கு. நான்கு பேர் என்றால் மொத்தம் ஆறு பங்கு, ஆளுக்கு 2,400. முதல் முறையைவிட 600 கூட. எப்போதுமே இந்த முறைதான் ஆட்களுக்கு லாபமா? ஆட்களின் எண்ணிக்கையை 'ஆ' என்று எழுதிப் பார்க்க வேண்டும். முதல் முறையில் மீதியை ஆ-வின் இருமடங்கால் வகுக்கிறோம். இரண்டாம் முறையில் ஆ-வோடு 2 கூட்டி வகுக்கிறோம். இரண்டும் எப்போது சமம்? ஆ இரண்டாக இருக்கும்போது மட்டும். ஒரே ஆள் போனால் முதல் முறை அவருக்கு நல்லது, இரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டாவது முறை நல்லது. முதல் பெஞ்சுப் பிள்ளை நோட்டில் பூப்போட நேரமிருக்காது. விகிதமுறு கோவைகளின் ஒப்பீடும் அசமன்பாடும் அதன் கையில் இருக்கின்றன.

கணக்கு ஒன்றுதான். கழித்தலோடு வந்த பிள்ளையும் இயற்கணிதத்தோடு வந்த பிள்ளையும் ஒரே கரையில் ஒரே படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். படகுக்கு ஏன் பங்கு தர வேண்டும், வலை கிழிந்தால் யார் செலவு என்று வகுப்புக்கு விளக்கப்போவது பெரும்பாலும் பின் பெஞ்சில் இருப்பவர். ஓராண்டில் ஒருமுறைகூட கணக்கு வகுப்பில் வாய் திறக்காதவரின் பேச்சை வகுப்பு கேட்கும். அது சின்ன விஷயம் இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடற்கரைப் பிள்ளைக்கு மனக்கணக்கு வரும், ஆகவே பள்ளிக் கணக்கும் தானே வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. எடையும் விலையும் கலந்த கடினமான கணக்கைத் துணைக்குத் தாளும் பேனாவும் இல்லாமல் சரியாகப் போட்ட பிள்ளைகள், அதைவிட எளிதான கணக்கைப் பாடப்புத்தக வடிவில் எழுதிக் கொடுத்ததும் தடுமாறினார்கள். டெல்லியில் சந்தை வேலைக்குப் போகாத 471 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது நிலைமை தலைகீழ். புத்தகக் கணக்கு ஓரளவு வந்தது, சந்தைக் கணக்கில் தவித்தார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் தானாக அமைவதில்லை. கட்டித்தருவது ஆசிரியரின் வேலை. 1,800 என்று வாயால் சொன்ன பிள்ளையிடம், "சரிம்மா, எப்படிச் சொன்ன? அதை அப்படியே எழுது பார்ப்போம்" என்று கேட்பதில்தான் அந்த வேலை தொடங்குகிறது.

திண்ணையில் என்ன செய்தார்கள்?

வைத்திக்குப்பத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே நடந்தால் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வரும். அங்கே பணியாற்றும் வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு, தென்னிந்தியாவில் எண்களும் அளவைகளும் எப்படிக் கற்பிக்கப்பட்டன என்று நீண்டகாலமாக ஆராய்ந்து வருபவர். அவருடைய ஆங்கில நூல் 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பற்றி அதில் நிறைய இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கிடையாது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று பாடங்கள்தான் உண்டு. பொன்னிலக்கத்தில் முழு எண்களோடு கால், அரைக்கால், மா, காணி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரை பின்னங்கள். நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, கலம் போன்ற முகத்தலளவைகள். ஒரு பையன் பொன்னிலக்கத்தில் இருப்பான், இன்னொருவன் எண்சுவடியில் பாதி வந்திருப்பான். ஆசிரியர் ஒருவர்தான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், ஒப்பிக்கக் கேட்பான். ஒன்றை முடித்தவன் அடுத்ததற்குப் போவான். ஜூன் மாதம் வந்துவிட்டது என்பதற்காக யாரும் யாரையும் அடுத்த பாடத்துக்குத் தள்ளவில்லை.

மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளியில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், 1797-ல் அதை நூலாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மணலில் விரலால் எழுதப் பழக்குவதை அவர் நம் ஊர்ப் பள்ளிகளைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்.

திண்ணையைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அங்கே பிரம்பு இருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. சாதி வாசலிலேயே நின்றது. மனப்பாடத்தின் சுமையும் பெரிது. ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பாடத்தில் எங்கே இருக்கிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, அந்த வகுப்புப் பாடம் வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டுவது பின்னால் வந்த பழக்கம்.

அந்தப் பெயர்தான் என்னை உறுத்துகிறது. பின்னங்களில் தடுமாறும் பிள்ளை வடிவியலில் முன்னே நிற்கலாம். இயற்கணிதம் வராதவர் நிகழ்தகவில் துல்லியமாக யோசிக்கலாம். நிலை என்பது பாடத்துக்குப் பாடம் மாறுவது, ஒரே பிள்ளைக்கு ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று. அதைப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டால் உரித்தெடுப்பது கஷ்டம். ஆசிரியரின் குரல் மாறும், கேட்கும் கேள்வி சுருங்கும். பிறகு அந்தப் பிள்ளையும் அதை நம்பத் தொடங்கும். "எனக்குக் கணக்கு வராது சார்" என்று ஒரு பிள்ளை சொல்வது பிறவிக் குறையை அறிவிப்பது போல இருக்கிறது. யாரோ சொல்லித்தான் அது அந்த வாய்க்கு வந்திருக்கிறது.

பிரித்தால் என்ன?

அப்படியானால் பிள்ளைகளைப் பிரிக்கவே கூடாதா? அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் இடம்தரவில்லை. 2001-லிருந்து மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய முயற்சியில், பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியாக அழைத்து, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படைகளைக் கற்பித்தார்கள். பலன் தெரிந்தது. வயதைப் பாராமல் நிலையைப் பார்த்துக் கற்பிப்பது அதிலிருந்து வளர்ந்து நாடெங்கும் போயிற்று. தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பார்க்கிறது. கொரோனாவுக்குப் பின் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அதுவும் இதே கரையில் வடக்கே இருக்கும் ஊர்தான். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காக 2025-ல் 'திறன்' வந்தது.

இவை வேண்டியவை. 2023 ஏசர் அறிக்கையில் ஊரகத்து 14 முதல் 18 வயதினரில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43 சதவீதம் மட்டும். வகுத்தல் தெரியாமல் ஒருபடிச் சமன்பாட்டுக்குள் தள்ளப்படும் பிள்ளைக்கு யாராவது தனியாக உட்கார்ந்து வகுத்தல் சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் அந்த உதவி குறுகிய காலத்துக்கு, குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு, முடிந்ததும் வகுப்புக்குத் திரும்பும்படி இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க 'பி பிரிவு' என்று தனி அறை ஆகிவிட்டால், அங்கே பாடம் மெதுவாக நடக்கும், குறைவாக நடக்கும், கடைசியில் நடக்காமலே போகும்.

தமிழர்களும் நிறைய வாழும் சிங்கப்பூர் இதை நாற்பதாண்டு பட்டறிவில் கற்றது. 1980-களின் தொடக்கத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்தார்கள். படிப்பை இடையில் விடுவது குறைந்தது உண்மை. ஆனால் 'நார்மல்' என்ற சொல் பிள்ளைகள் மேல் முத்திரையாகப் படிந்தது. அந்தப் பிரிவுகளைக் கைவிடுவதாக 2019-ல் அறிவித்து, 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லோரும் கலந்த வகுப்பு. நிலை பாடத்துக்குத்தான். ஒரே பிள்ளை கணக்கைக் கடினமான நிலையிலும் ஆங்கிலத்தை நடுத்தர நிலையிலும் எடுக்கலாம், இடையில் மாறவும் செய்யலாம். உலகத் தரவரிசைகளில் கணிதத்தில் முன்னணியில் நிற்கும் நாடு எடுத்த முடிவு இது. பேசிக், ஸ்டாண்டர்டு என்று நாம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். அவர்கள் கண்டுகொண்டதை நாற்பதாண்டு கழித்துக் கண்டுகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

முத்தியால்பேட்டை ஆசிரியர்

வைத்திக்குப்பத்துக்கு மேற்கே இருப்பது முத்தியால்பேட்டை. அதே பெயரில் சென்னையிலும் ஒரு பேட்டை. அங்கே முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பி.கே.ஸ்ரீனிவாசன் (1924-2005). கணிதமேதை ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தொகுத்தவர், ராயபுரத்தில் அவருக்கு அருங்காட்சியகம் அமையக் காரணமானவர் என்றே பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் பிள்ளைகளிடம் கணக்கைக் கொண்டுபோன விதம். கணிதக் கழகம், கணிதக் கண்காட்சி என்று பிள்ளைகளே கண்டுபிடித்து, பிள்ளைகளே விளக்கும் மேடைகளை அமைத்தார். காலண்டரை வைத்து எண் விளையாட்டு என்று ஒரு சிறு நூலே எழுதினார்.

மாதக் காலண்டரில் இரண்டுக்கு இரண்டாக நான்கு தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். 8, 9, அதன் கீழே 15, 16. மூலைக்கு மூலை பெருக்குங்கள். 8-ஐ 16-ஆல் பெருக்கினால் 128. 9-ஐ 15-ஆல் பெருக்கினால் 135. வித்தியாசம் 7. வேறு நான்கு எடுங்கள், மறுபடி 7. வகுப்பில் எல்லோராலும் பெருக்கிப் பார்க்க முடியும். பெருக்கல் பழகாத பிள்ளைக்கு இதைவிட ஆர்வமான பெருக்கல் பயிற்சி கிடையாது, அடுத்ததும் 7 வருகிறதா என்று பார்க்கத் தானே பெருக்கும். ஏன் எப்போதும் 7 என்று கேட்டால், முதல் தேதியை ஓர் எழுத்தாக வைத்து விரித்து எழுதியாக வேண்டும். அது ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம். வாரத்துக்குப் பத்து நாள் இருந்தால் விடை என்னவாகும்? அதற்கு விடை தேடுபவர் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டார். கருவி என்று பார்த்தால் சுவரில் தொங்கும் காலண்டர்தான், செலவே இல்லை.

இப்படிப்பட்ட கணக்குகளைத் தினமும் கண்டுபிடித்துக்கொண்டிருக்க ஓர் ஆசிரியரால் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய பாடத்திட்டம், புதிய தாள், பதிவேடுகள், கணக்கெடுப்புப் பணி, தேர்தல் பணி. 2005-ன் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமையேற்றவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர்.ராமானுஜம். அந்தக் குழு எடுத்துச்சொன்ன குறைகளில் ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் துணையும் இல்லாததும் ஒன்று. இன்னொன்று, நம் கணிதப் பாடம் ஈடுபாடு இழந்த பெரும்பான்மையையும் திறமையான சிறுபான்மையையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுகிறது என்பது. இருபதாண்டு கழிந்தும் அந்த வரி பழசாகவில்லை. முதல் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டோரப் பூவும் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் அழகான பார்த்தெழுதலும் ஒரே குறையின் இரண்டு அடையாளங்கள்.

புதுச்சேரிக்கு இதில் கையிருப்பு உண்டு. 1989-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஊரே இறங்கி எழுத்தறிவித்த அனுபவம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து 'துளிர்' இதழைக் கொண்டுவரும் புதுவை அறிவியல் இயக்கம் இருக்கிறது. பிள்ளை தன் வேகத்தில் முன்னேறட்டும் என்ற கொள்கையோடு 1943-ல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளி நகருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் ஆரோவில்லின் உதவி பள்ளி, இசையம்பலம் பள்ளி ஆகியவற்றில் பிள்ளைகள் தங்கள் இலக்கைத் தாங்களே எழுதிவைத்துக் கணக்குப் படிக்கும் 'ஸ்டெம் லேண்ட்' நடக்கிறது. அந்தப் பள்ளிகளின் வசதியும் ஆசிரியர் எண்ணிக்கையும் அரசுப் பள்ளிக்கு வராது. ஆனால் அவர்களிடம் உள்ள கணக்குகளும் பயிற்சித் தாள்களும் வரலாம். மாதம் ஒரு சனிக்கிழமை வடபகுதிப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் கூடி, அடுத்த மாதப் பாடத்துக்கு எல்லோரும் நுழையக்கூடிய நான்கு கணக்குகளை உருவாக்கினால் ஓராண்டில் ஒரு சிறு தொகுப்பே கிடைத்துவிடும். பயிற்சி முகாம்களில் உரை கேட்கும் நேரத்தை இதற்குத் தரக் கல்வித்துறை முன்வர வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது, அதற்குக் காலம் குறிப்பானது. பத்தாம் வகுப்புத் தேர்வர் பட்டியல் பள்ளியிலிருந்து வாரியத்துக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பேசிக்கா, ஸ்டாண்டர்டா என்று குறிக்கப்படும். பட்டியல் போவதற்கு முன் பள்ளிக்குப் போய், "எம் பிள்ளைக்கு எது போட்டிருக்கீங்க டீச்சர்? ஏன்?" என்று கேளுங்கள். எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது, அதைச் சரிசெய்ய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேளுங்கள். பேசிக்தான் என்றால் பதினொன்றில் என்ன எடுக்கலாம், என்ன எடுக்க முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் அறிமுகப்படுத்திய 2019 சுற்றறிக்கையிலேயே, பேசிக்கில் தேறியவர் மனம் மாறினால் துணைத்தேர்வில் ஸ்டாண்டர்டு தாளை எழுதலாம் என்று வழி இருந்தது. இப்போதைய விதி என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்க அப்பாவால் வரமுடியாத நாளில் அம்மா போகலாம், அக்கா போகலாம், பட்டியலுக்கு முன் போனால் போதும்.